குதிரையை உருவிவிடும் கை எங்கே நிற்க வேண்டும்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் குதிரைகளுக்கு மசாஜ் செய்து பிழைத்துவந்த ஒரு பெண்ணுக்கு, 2012-ல் மாநிலக் கால்நடை மருத்துவ வாரியத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார் என்றெல்லாம் புகார் இல்லை. குதிரையின் கழுத்தையும் முதுகையும் கையால் பிடித்துவிட்டதுதான் விவகாரம். கால்நடை மருத்துவருக்கான உரிமம் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது, உடனே நிறுத்த வேண்டும் என்றது கடிதம். மீறினால் அபராதம் உண்டு, சிறைக்கும் போக நேரலாம்.

நம் ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் யாரும் உரிமம் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் பார்த்தால் இது வேடிக்கையாகத்தான் படும். அந்தப் பெண்ணுக்கு அது சோற்றுப் பிரச்சினை. இதே தொழிலில் இருந்த வேறு இருவரையும் சேர்த்துக்கொண்டு 2014-ல் நீதிமன்றம் போனார். மசாஜ் செய்வதற்காக நான்கு ஆண்டு கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்க வேண்டுமா, அந்தக் கல்லூரிகளில் மசாஜ் கட்டாயப் பாடமாகக்கூட இல்லையே என்பது அவர்கள் தரப்பு வாதம். வழக்கு 2017-ல் உடன்பாட்டில் முடிந்தது. விலங்குகளுக்கு மசாஜ் செய்ய மருத்துவர் உரிமம் வேண்டியதில்லை என்று வாரியம் இறங்கிவந்தது.

அதற்கு முன்பே மேரிலாந்து மாநிலத்தில் இன்னொரு கூத்து நடந்தது. மனிதர்களுக்கு மசாஜ் செய்ய முறையான உரிமம் வைத்திருந்த ஒருவர் குதிரைகளுக்கும் செய்துவந்தார். குதிரையை விடு, இல்லாவிட்டால் உரிமத்தை விடு என்கிற நெருக்கடி. 2008-ல் வழக்குப் போட்டார், அடுத்த ஆண்டே வென்றார். இதற்கு நேர்மாறாக வாஷிங்டன் மாநிலம் குழப்பமே வைக்கவில்லை. பெரிய விலங்குகளுக்குத் தனியாக, சிறிய விலங்குகளுக்குத் தனியாக மசாஜ் சான்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் 300 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று விதியில் எழுதியே வைத்துவிட்டது. ஒரே நாடு, ஒரே குதிரை, ஒரே கை. மாநில எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறிவிடுகிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது பயிற்சிக் கட்டணத்தை அல்ல, தான் வேலை செய்யப்போகும் ஊரின் சட்டத்தை.

பிரிட்டன் இதை வேறு விதமாகக் கையாள்கிறது. அங்கே 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி நோயைக் கண்டறிவதும், அதற்குச் சிகிச்சை தருவதும், கண்டறிந்ததை வைத்து ஆலோசனை சொல்வதும் பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. 2015-ல் வந்த விதிவிலக்கு ஆணை இயன்முறைச் சிகிச்சைக்கு வழிவிட்டது. ஆனால் மருத்துவர் குதிரையைப் பார்த்து, இன்னது செய்யலாம் என்று சொன்ன பிறகுதான். நோய் நொடி இல்லாத குதிரையைச் சும்மா உருவிவிடுவது வேறு கணக்கு. இங்கே வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘பிசியோதெரபிஸ்ட்’ என்ற பட்டம் பிரிட்டனில் சட்டப் பாதுகாப்பு உள்ளது. அதன் முன்னால் ‘அனிமல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. விலங்கு இயன்முறைச் சிகிச்சையாளர் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டலாம். பலகையை நம்பிக் குதிரையை ஒப்படைத்தவர் பிறகு வருந்திப் பயனில்லை. தன்னார்வப் பதிவேடுகள் சில அங்கே இயங்குகின்றன. அவற்றில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு.

சட்டம் இருக்கட்டும். ஒரு குதிரைக்கு மசாஜ் எதற்கு?

குதிரையின் உடம்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதற்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை நெஞ்சுக்கூட்டோடு இணைக்கும் எலும்பு மூட்டே இல்லை. நெஞ்சுக்கூடு முழுவதும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசைகளில் தூளி கட்டியதுபோலத் தொங்குகிறது. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. மேலே சேணம், அதற்கு மேல் ஒரு ஆள். அந்தத் தூளித் தசைகள் இறுகிப்போவதில் ஆச்சரியமில்லை. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரையேற்ற அணியோடு வேலை செய்த ஜாக் மீகர், விளையாட்டு வீரர்களுக்குச் செய்துவந்த அதே முறையைக் குதிரைகளுக்கும் கொண்டுவந்தவர். இன்றைய குதிரை மசாஜ் பயிற்சிகளில் பல அவரிடமிருந்து கிளைத்தவை.

பலன் எவ்வளவு? பிரான்சின் தெற்கே கமார்க் குதிரைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1993-ல் வெளியானது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும்போது பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் இடம் கழுத்தின் அடிப்பகுதி, முதுகு மேட்டுக்குச் சற்று முன்னால். அதே இடத்தை மனிதக் கை சொறிந்துவிட்டபோது குதிரையின் இதயத்துடிப்பு குறைந்தது. அந்த இடத்தை விட்டு வேறெங்கோ சொறிந்தபோது குறையவில்லை. மசாஜ் குதிரையை ஆசுவாசப்படுத்துகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. நொண்டலைக் குணமாக்கும், மூட்டைச் சரிசெய்யும், நஞ்சை வெளியேற்றும் என்றெல்லாம் விளம்பரம் வந்தால் அங்கே காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ள வேண்டும்.

தேர்ந்த ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் முதல் கால்மணி நேரம் குதிரையைத் தொடவே மாட்டார். கெட்டியான தரையில் நேராக நடக்கவிட்டுப் பார்ப்பார். எந்தக் காலை ஊன்றும்போது தலையைத் தூக்குகிறது, எந்தக் காலைப் பாதி வைத்து எடுக்கிறது என்று கவனிப்பார். பிறகு புறங்கையால் கால்கள் நெடுகத் தடவி எங்கே சூடு என்று பார்ப்பார். ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கும் பிராணி அது. அதன் மேல் கட்டைவிரலை அழுத்திக் குத்துபவர் கற்றுக்கொள்ளாதவர். உள்ளங்கையை வைத்து, குதிரையின் கண்ணையும் காதையும் பார்த்துக்கொண்டே நகர்வார். காது பின்னால் படிந்தால், மூக்குத்துவாரம் சுருங்கினால், வால் விருட்டென்று அடித்தால் கை நிற்கும். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, வாயை அசைபோட்டுப் பெருமூச்சு விட்டால் தொடரும். பேசத் தெரியாத ஒன்றிடம் சம்மதம் கேட்பது இப்படித்தான்.

கை போகவே கூடாத இடங்களும் நேரங்களும் உண்டு. ஆபத்து முழுவதும் இங்கேதான். ஓய்வாக நிற்கும் வளர்ந்த குதிரைக்கு உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. காய்ச்சல் இருந்தால் மசாஜ் இல்லை. புரண்டு புரண்டு விலாவைத் திரும்பிப் பார்க்கும் குதிரைக்குக் கோலிக் எனப்படும் வயிற்றுவலி இருக்கலாம். வயிற்றை நீவிவிடலாம் என்று உட்கார்ந்தால் மருத்துவருக்குக் கிடைக்க வேண்டிய நேரம் போய்விடும். ஓடி வந்த குதிரையின் பின்தொடைகள் கல்லாக இறுகி, காபி நிறத்தில் சிறுநீர் போனால் அது தசைநார்கள் சிதைவதன் அடையாளம். பார்ப்பதற்கு மசாஜ் கேட்கும் தசைப்பிடிப்பு மாதிரியே இருக்கும். அதை அழுத்துவதும் தவறு, நடக்க வைப்பதும் தவறு. குளம்புக்குள் வீங்கி முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்து நிற்கும் லாமினைட்டிஸ், புதிதாக விழுந்த அடி, திறந்த புண், படர்தாமரை எல்லாமே மருத்துவரின் வாசல். இவற்றை அடையாளம் கண்டு ஒதுங்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பில் பாதி. ஆனால் ‘இது இன்ன நோய்’ என்று பெயர் வைக்க முற்பட்டால் எல்லை தாண்டியாயிற்று. ‘இங்கே சூடாக இருக்கிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்பவரே நம்பத் தகுந்தவர்.

கையில் தடவும் தைலத்திலும் வில்லங்கம் இருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. தாண்டும் போட்டிக்கு வந்த நான்கு குதிரைகளின் சோதனையில் காப்சைசின் அகப்பட்டது. வேறொன்றுமில்லை, மிளகாய்க் காரம். வலி நிவாரணத் தைலங்களில் கலக்கிறார்கள். கால் தோலை எரியவைத்து, தடுப்புக் கட்டையில் பட்டால் வலிக்கும்படி செய்யவும் சிலர் பயன்படுத்துகிறார்கள் என்பதால் அது தடைப் பட்டியலில் இருந்தது. நார்வே அணி வாங்கிய வெண்கலம் பறிபோய் ஸ்விட்சர்லாந்துக்குப் போனது. போட்டிக் குதிரையைத் தொட வருபவரிடம் புட்டியின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமதிப்பு அல்ல, உரிமையாளரின் உரிமை.

பயிற்சிச் சந்தை தாறுமாறாகக் கிடக்கிறது. இரண்டு நாள் பயிலரங்கு முதல் பல்கலைக்கழக மேற்படிப்பு வரை எல்லாமே ‘சான்றிதழ்’ தருகின்றன. திரையில் காணொளி பார்த்து, கேள்விகளுக்கு விடை குறித்து, வீட்டிலேயே அச்செடுத்துக்கொள்ளும் சான்றிதழும் அதில் சேர்த்தி. பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது: எத்தனை மணி நேரம் உயிருள்ள குதிரையோடு, யார் மேற்பார்வையில், உடற்கூறு சொல்லித்தருபவர் கால்நடை மருத்துவரா, இந்தச் சான்றை வைத்துக் காப்பீட்டு நிறுவனம் பாலிசி தருமா. கடைசிக் கேள்வி முக்கியம். சாதாரணப் பொறுப்புக் காப்பீடு வழிப்போக்கருக்கு அடிபட்டால் ஈடு தரும். நம் கைப்பொறுப்பில் நிற்கும் குதிரைக்கே ஏதாவது ஆனால் பெரும்பாலும் தராது. அதைத் தனியாகச் சேர்க்கச் சொல்லி எழுதி வாங்க வேண்டும். பிரிட்டனில் இணையம் வழியாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவர் பொதுவாக 14 நாட்களுக்குள் மனம் மாறி விலகலாம். ஆனால் காணொளிகளை உடனே திறந்துவிடச் சம்மதித்திருந்தால் அந்த உரிமை நழுவிவிடும். ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்தும் அவசரத்தில் இதை யாரும் வாசிப்பதில்லை.

கொஞ்ச காலம் தொழில் செய்தவர்கள் அடுத்து உரிமையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார்கள். இது நல்லது. மாதம் ஒருமுறை வந்துபோகும் நிபுணரைவிட, தினமும் தேய்த்துக் குளிப்பாட்டும் கைக்குத்தான் முதல் மாற்றம் தட்டுப்படும். நேற்று இல்லாத சூடு, சேணத்துக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த முடி. பிரிட்டன் நிபுணர் சூ டைசன், ஆளை ஏற்றிச் செல்லும் குதிரையிடம் வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். ‘முரண்டு பிடிக்கிறது, ரெண்டு சாத்து சாத்து’ என்று விடுவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்திருந்தால் பல குதிரைகள் அடி வாங்காமல் தப்பியிருக்கும். ஆனால் கற்பிப்பவர் மூன்று அழுத்தங்களைச் சொல்லிக்கொடுத்து, எப்போது செய்யக் கூடாது என்பதை விட்டுவிட்டால் விளைவுக்கு அவரும் பொறுப்பு. குதிரையின் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது, அதன் பக்கத்தில் மண்டியிட்டு உட்காரக் கூடாது என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மிதி வாங்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

இந்தியாவில்? பந்தய லாயங்களில் குதிரையைப் பராமரிக்கும் சைஸ்கள் அதை ‘மாலிஷ்’ செய்வது பழைய வழக்கம். அதைத் தொழிலாக அங்கீகரிக்கும் தனிச் சட்டம் இல்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவுபெற்ற மருத்துவர் தவிர மற்றவர் கால்நடை மருத்துவம் பார்ப்பதைத் தடுக்கிறது. மசாஜ் என்ற சொல் அதில் கிடையாது. எனவே உருவிவிடுவது வரை பிரச்சினை எழ வாய்ப்புக் குறைவு. நோய்க்குப் பெயர் வைத்து வைத்தியம் பார்த்தால் அந்தச் சட்டம் குறுக்கே வரும்.

தவறான கை பட்டுக் குதிரை முடங்கினால் என்ன வழி? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறைக் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு வேளைக் கொள்ளுக்குக்கூடக் காணாது. நடைமுறையில் உதவக்கூடியது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள். வணிக நோக்கில் சேவை பெற்றவர் நுகர்வோர் அல்ல என்று சட்டம் ஒதுக்கிவைக்கிறது. ஆனால் வாங்கிய பொருளைச் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்தியவர் அந்த விலக்கில் வர மாட்டார். மெரினாவில் ஒரே குதிரையை வைத்துச் சவாரி விடுபவர் சேவைக்கும் இது பொருந்த வேண்டும் என்று வாதாடிப் பார்க்கலாம். ஐம்பது குதிரை கட்டிவைத்திருக்கும் பந்தய முதலாளிக்கு அது கடினம். ‘அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி’ என்று பொய் விளம்பரம் செய்தவருக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். இதற்கெல்லாம் ரசீதும், விளம்பரத்தின் படமும், குதிரையைப் பரிசோதித்த மருத்துவரின் எழுத்துச் சான்றும் கையில் இருக்க வேண்டும். லாயத்தில் வாய்ப்பேச்சிலேயே பணம் கைமாறும் வழக்கம் இங்கேதான் காலை வாருகிறது.

இன்னொன்று, வெளிநாட்டுப் பாடப்புத்தகங்கள் அதிகம் அழுத்திச் சொல்லாதது. கிளாண்டர்ஸ் என்ற குதிரை நோய் இந்தியாவில் இன்னும் இருக்கிறது. மூக்கிலிருந்து கெட்டியான சளி, தோலுக்கடியில் கயிறுபோல ஓடும் முடிச்சுகள். மசாஜ் செய்பவரின் விரல் முதலில் தேடிப்போவது முடிச்சுகளைத்தான். இது மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி, சந்தேகம் வந்தாலே குதிரைக்காரர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்தாக வேண்டும். கையில் சிராய்ப்பு உள்ளவர் அன்றைக்குக் குதிரையைத் தொடாமல் இருப்பது நல்லது. ஒரே காலையில் பத்துக் குதிரைகளை நீவிவிட வருபவரிடம், என் குதிரைக்கு முன்னால் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்று ஒரு வாளித் தண்ணீரையும் சோப்பையும் நீட்டலாம். தொழில் தெரிந்தவராக இருந்தால் அவரே கேட்டு வாங்கியிருப்பார்.