அணிபவர் கைக்கேற்ற நிச்சய மோதிரம்

நிச்சயதார்த்தத்துக்கு வாங்கும் நகைகளில் தினமும் அணியப்படுவது பெரும்பாலும் மோதிரம் ஒன்றுதான். ஆரமும் ஒட்டியாணமும் விசேஷம் முடிந்ததும் லாக்கருக்குப் போய்விடும். மோதிரமோ சமையலறை, அலுவலகம், பேருந்து என்று எங்கும் கூடவே வரும். மேடைப் புகைப்படத்தில் அது எடுப்பாகத் தெரிகிறதா என்பது அடுத்த விஷயம். அணியப்போகிறவருக்குப் பிடிக்குமா, அவர் கைக்கு ஒத்துவருமா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இந்த வரிசை மாறிப்போகிறது. எத்தனை கிராம் என்று பெரியவர்கள் பேசி முடித்து, வழக்கமான கடையில் வாங்கியும் வந்த பிறகுதான் மோதிரம் உரியவர் கண்ணில் படுகிறது.

என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டால் ‘எதுவானாலும் சரி’ என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பேசத் தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? அவர் ஏற்கெனவே அணிந்திருப்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும். காதில் சின்னஞ்சிறு பொட்டுத் தோடும் கழுத்தில் மெல்லிய சங்கிலியுமாக இருக்கும் பெண்ணுக்கு, விரலின் பாதியை மறைக்கும் பூ வேலைப்பாடு கனமாகத்தான் இருக்கும். பாட்டி கொடுத்த நெளி மோதிரத்தை விரும்பி அணிபவருக்கு மஞ்சள் தங்கமும் பழைய வேலைப்பாடும் பிடிக்கும் என்று நம்பலாம். கைக்கடிகாரம் வெள்ளி நிறமா பொன் நிறமா என்பதும் ஒரு குறிப்பு. மோதிரமே போடாதவர் என்றால் காரணத்தை அறிவது நல்லது. விரலில் எதுவும் உறுத்தக் கூடாது என்று நினைப்பவருக்கு ஓரம் மழுக்கிய மெல்லிய வளையமே போதும். அக்கா, தங்கை, நெருங்கிய தோழி ஆகியோருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்கும். அவர்களிடம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

ரசனைக்கு அடுத்தது கை செய்யும் வேலை. செவிலியர், மருத்துவர், ஆய்வகப் பணியாளர் எல்லோரும் நாள் முழுதும் கையுறை மாட்டிக் கழற்றுபவர்கள். கல்லை உயரத் தூக்கி நான்கைந்து கம்பி நகங்களால் பிடித்திருக்கும் மோதிரம் கையுறையைக் கிழிக்கும், சேலை நூலிலும் தலைமுடியிலும் மாட்டும். அதே கல்லைச் சுற்றிலும் தங்க விளிம்பு கட்டித் தாழ்வாகப் பதித்தால் இந்தத் தொல்லை இல்லை. பின்புறம் மூடிய க்ளோஸ் செட்டிங்கில் மாவும் சோப்பும் கல்லுக்கு அடியில் தங்கினால் சுத்தம் செய்வது கடினம்; அடியில் திறந்திருக்கும் ஓப்பன் செட்டிங்கைக் கழுவுவது எளிது, வெளிச்சமும் நன்றாகப் புகும்.

உலோகத்தில் 22 காரட் தங்கம் 91.6 விழுக்காடு தூய்மை உடையது. நிறம் ஆழமாக இருக்கும், ஆனால் மென்மையானது. வைரத்தை நகத்தால் பிடித்து நிறுத்த 75 விழுக்காடு தங்கம் உள்ள 18 காரட்டே உறுதி. வெள்ளைத் தங்கத்தின் மேல் பெரும்பாலும் ரோடியம் முலாம் பூசுகிறார்கள். அன்றாடம் அணிய அணிய அது தேயும், மீண்டும் பூச வேண்டும். சில வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருக்கும். கவரிங் அணிந்தால் தோல் அரிப்பவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். பிளாட்டினத்தின் வெண்மை இயற்கையானது, முலாம் தேவையில்லை. ஆனால் தங்கத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அதே அளவு மோதிரம் விரலில் கனமாக உணரப்படும்.

வைரத்தின் எடையைக் கடைகளில் சென்ட் கணக்கில் சொல்வார்கள். 100 சென்ட் ஒரு காரட், அதாவது 0.2 கிராம். 30 சென்ட் வட்டக் கல் ஏறக்குறைய 4.3 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். ஒல்லியான விரலில் அதுவே எடுப்பாகத் தெரியும். நிறம், தெளிவு, வெட்டு, எடை என்ற நான்கில் பணத்தை வெட்டுக்குக் கொடுப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் மின்னுவதற்கு அதுதான் காரணம். மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் நிறத்தில் ஓரிரு படி இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. கல்லில் குறை பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. காகபாதம், விந்து போன்ற வைரக் குற்றங்களைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இன்றும் வைரம் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அணிபவருக்கோ அவர் வீட்டாருக்கோ அந்த நம்பிக்கை இருந்தால் அதையும் ரசனையின் ஒரு பகுதியாகவே மதிக்க வேண்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் உண்மையான வைரம்தான். விலை மிகக் குறைவு, திரும்ப விற்றாலும் குறைவாகவே கிடைக்கும். அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் கல் வேறு, அது வைரமே அல்ல. வண்ணக் கல் விரும்புபவர்களுக்கு மாணிக்கமும் நீலமும் நல்ல தேர்வு: கடினத்தன்மை அளவுகோலில் வைரம் 10, இவை 9. மரகதம் பார்க்க அழகு, ஆனால் உள்ளே வெடிப்புகள் அதிகம், அடிபட்டால் உடையலாம். முத்தும் பவளமும் மிக மென்மையானவை. தினமும் பாத்திரம் தேய்க்கும் கைக்கு அவை தாங்காது.

மாப்பிள்ளை மோதிரத்துக்கு இவ்வளவு யோசனை நடப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது. பெயரின் முதலெழுத்து பொறித்த தடித்த தட்டு மோதிரம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். விசைப்பலகையிலோ இயந்திரத்திலோ வேலை செய்யும் ஆணுக்குத் தட்டையான பட்டை வளையம் வசதி. முஸ்லிம் குடும்பங்களில் ஆண்கள் தங்கம் அணிவது விலக்கப்பட்டது என்பதால் வெள்ளி மோதிரம் எடுப்பது வழக்கம்.

அளவை நூலால் சுற்றிப் பார்ப்பது நம்பகமானதல்ல, நூல் இழுபடும். கடையில் உள்ள அளவு வளையங்களை விரலில் போட்டுப் பார்ப்பதே சரி. அது முடியாதபோது, அதே விரலில் அணியும் மோதிரத்தின் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கலாம். வெயிலிலும் மாலையிலும் விரல் சற்றுப் பருக்கும், குளிரில் சுருங்கும். வேலை செய்யும் கையின் விரல் மற்றதைவிடப் பெரிதாக இருக்கலாம். கணுவைத் தாண்டும்போது லேசான இறுக்கம் இருந்தால் அளவு சரி. சாதாரண வளையத்தைப் பின்னாளில் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியும். சுற்றிலும் கல் பதித்த வளையத்தில் அது மிகக் கடினம். அதனால் விசேஷத்துக்குச் சில வாரங்கள் முன்பே வாங்குவது நல்லது. இருவரும் சேர்ந்தே கடைக்குப் போவதைவிடச் சிறந்த வழி எதுவும் இல்லை.

பில்லில் கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்கத்தின் விலை போட்டிருக்க வேண்டும். கல் விலை, செய்கூலி, சேதாரம், 3 விழுக்காடு ஜிஎஸ்டி ஆகியவை தனித்தனியே தெரிய வேண்டும். மோதிரத்தின் உட்புறம் ஹால்மார்க் முத்திரையும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஆறு இட எச்யூஐடி எண்ணும் இருக்கும். 2023 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தால் தூய்மை விவரம் வரும். வைரத்துக்குத் தனிச் சான்றிதழ் வாங்கி, மாற்றும்போது கல்லுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.