முடி இல்லாத நாய்க்கும் தெள்ளுப்பூச்சி வரும்: மண்ணெண்ணெய் தடவினால் உயிருக்கே ஆபத்து!

"நம்ம நாய்க்கு முடியே கம்மிங்க. இதுல பூச்சி எங்க போய் ஒளியும்?"

தென் மாவட்டங்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய் வளர்ப்பவர்கள் பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். புசுபுசுன்னு முடி வளர்ந்த பொமரேனியனுக்குத்தான் பூச்சி வரும், வழவழன்னு இருக்கிற நாட்டு நாய்க்கு வராது என்பது அவர்கள் போடும் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு.

இப்படி நினைத்து கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நாய் சொறிந்து சொறிந்து புண் ஆன பிறகுதான் பதறுகிறார்கள். அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வீட்டில் இருக்கும் மண்ணெண்ணெயையோ, வயலுக்கு அடிக்கும் மருந்தையோ எடுத்துத் தடவுகிறார்கள். பூச்சி சாகிறதோ இல்லையோ, நாய் செத்துப்போக வாய்ப்பு உண்டு.

முடியே இல்லாத நாய்கள்

உடம்பில் முடியே இல்லாத நாய் இனங்களும் உலகத்தில் இருக்கின்றன. மெக்சிகோவின் சோலோ, பெரு நாட்டின் முடியில்லா நாய், சைனீஸ் கிரெஸ்டட் ஆகிய மூன்றும் பிரபலமானவை. பெரு அரசு 2001-ல் சட்டம் போட்டு, தன் நாட்டு முடியில்லா நாயை தேசிய சொத்தாக அறிவித்தது. இந்த மூன்று இனங்களுக்கும் முடி இல்லாமல் போனதற்கு ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றம்தான் காரணம் என்று 2008-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தனர்.

அந்த நாய்களையே தெள்ளுப்பூச்சி விட்டுவைப்பதில்லை. காரணம் சாதாரணமானது. தெள்ளுக்கு வேண்டியது ரத்தம்தான், முடி இல்லை. உடம்புச் சூடு, மூச்சுக்காற்று, அசைவு இவற்றை வைத்து அது நாயைக் கண்டுபிடித்து குதித்து ஏறுகிறது. முடி என்பது அது ஒளிந்துகொள்ளும் இடம், அவ்வளவுதான்.

முடி குறைவான நாயில் வால் அடிப்பகுதி, தொடை இடுக்கு, வயிறு, காதுக்குப் பின்புறம், கழுத்துப் பட்டைக்கு அடியில் என்று பூச்சி இருக்கும். முடி குறைவாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. தேடினால் சீக்கிரம் கண்ணில் படும். ஆனால் தேடணும்.

கண்டுபிடிப்பது எப்படி?

தெள்ளு வேறு, உண்ணி வேறு. தெள்ளு காபித்தூள் நிறத்தில் எள்ளைவிட சின்னதாக இருக்கும். பிடிக்கப் போனால் குதித்து ஓடும். உண்ணி தோலில் கடித்து ஒட்டிக்கொண்டு, ரத்தம் குடித்து உருண்டையாக வீங்கும். இரண்டுமே ஆபத்துதான்.

தெள்ளு கண்ணில் படவில்லை என்றால் சுலபமான டெஸ்ட் ஒன்று இருக்கிறது. நாயை வெள்ளைத் துணி மேல் நிற்க வைத்து, நெருக்கமான பல் உள்ள சீப்பால் முதுகிலும் வால் அடியிலும் வாருங்கள். கறுப்பாக மிளகுத்தூள் மாதிரி விழும். அதன் மேல் இரண்டு சொட்டு தண்ணீர் விடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண் இல்லை. தெள்ளு குடித்து வெளியேற்றிய ரத்தம்.

கடித்தால் என்ன ஆகும்?

சில நாய்களுக்கு தெள்ளின் எச்சில் ஒத்துக்கொள்ளாது. நாலைந்து கடி பட்டாலே இடுப்பும் வால் அடியும் சிவந்து புண்ணாகிவிடும். சின்னக் குட்டிகளில் ஏராளமாக ஏறினால் ரத்தசோகை வந்து குட்டியே செத்துவிடும். தெள்ளை நாய் கடித்து விழுங்கினால் நாடாப்புழு வரும். ஆசனவாய் பக்கமும் படுக்கையிலும் அரிசி மாதிரி துண்டுகள் கிடந்தால் அது நாடாப்புழுவின் அடையாளம். தவறிப்போய் தெள்ளை விழுங்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தப் புழு வரலாம்.

உண்ணி இன்னும் மோசம். அது பரப்பும் உண்ணிக் காய்ச்சலில் நாய் சாப்பிடாமல் படுத்துவிடும். ஈறு வெளுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். இதைப் பார்த்தால் ஒருநாள்கூட தாமதிக்கக் கூடாது.

உண்ணியை நெருப்பால் சுடுவதும், அதன் மேல் எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து எடுங்கள். விரலால் நசுக்கக் கூடாது.

எதைத் தடவக் கூடாது?

முடி அடர்ந்த நாயில் கண்டதையும் ஊற்றினால் கொஞ்சமாவது முடியில் நிற்கும். முடி குறைவான நாயில் நேராகத் தோலில் படும்.

* மண்ணெண்ணெய்: தோல் வெந்து புண்ணாகும். நாய் நக்கினால் நுரையீரலுக்குள் போய் மூச்சு திணறும்.
* பயிர் பூச்சிமருந்து: தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கும். எச்சில் வடிதல், நடுக்கம், வலிப்பு என்று வரிசையாக வரும். தடவுகிற ஆளுக்கும் ஆபத்து.
* கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ்: வீட்டுக்கு உள்ளது, நாய்க்கு இல்லை.
* துணி சோப்பு, பினாயில்: தோலை வறட்டி வெடிக்க வைக்கும்.

யாராவது தெரியாமல் பூச்சிமருந்து தடவிவிட்டால், கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு நிறைய தண்ணீரும் லேசான சோப்பும் போட்டுக் கழுவுங்கள். பிறகு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் எந்த ஊசி என்று முடிவு செய்ய முடியும்.

எது சரியான மருந்து?

கழுத்தின் பின்புறம் தோலில் விடும் சொட்டு மருந்தும், வாயில் கொடுக்கும் மாத்திரையும் கிடைக்கின்றன. பிப்ரோனில் சொட்டு மருந்து பரவலாகப் பயன்படுகிறது. அதைப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பும், போட்ட பிறகு இரண்டு நாளும் குளிப்பாட்டக் கூடாது. தோல் புண்ணாக இருந்தாலோ, தோல் ரொம்ப மென்மையாக இருந்தாலோ மாத்திரை நல்லதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையில் ஒரு மாதம் வேலை செய்வதும் உண்டு, மூன்று மாதம் வேலை செய்வதும் உண்டு. முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாமே எடை பார்த்துக் கொடுப்பது. பெரிய நாய் மருந்தைப் பாதி பாதியாக இரண்டு குட்டிக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். பிறந்து எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் போடாதீர்கள். சீப்பால் வாரி, பூச்சியை சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொல்லுங்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

பாதி வேலை தரையில்

"மருந்து போட்டும் பத்து நாள்ல மறுபடி வந்துருச்சு" என்று புலம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான். பெரும்பங்கு முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரே நாளில் 40, 50 முட்டை வரை போடும். முட்டை வழுக்கி, நாய் படுக்கிற சாக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் தரை விரிசலிலும் விழும். நம்ம ஊர் சூட்டில் மூன்று, நான்கு வாரத்தில் அது வளர்ந்து நாய் மேல் ஏறத் தயாராகிவிடும்.

கூட்டுப்புழு கெட்டிக்காரப் பயல். கூட்டுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது. மாதக்கணக்கில் அப்படியே காத்திருந்து, காலடி அதிர்வு கேட்டதும் வெளியே வரும். ஊருக்குப் போய்விட்டு வந்து வீட்டுப் பூட்டைத் திறந்ததும் கணுக்காலில் கடி விழுவது இதனால்தான்.

எனவே நாய் படுக்கிற சாக்கையும் துணியையும் வாரம் ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கட்டில், பீரோ நகர்த்தி மூலைமுடுக்கெல்லாம் பெருக்குங்கள். குப்பையை வாசலில் கொட்டாமல் எரித்துவிடுங்கள். தரை, சுவர் விரிசலை சிமெண்ட் பூசி அடைத்தால் உண்ணி முட்டையிடவும் இடம் இருக்காது. மழைக்காலத்தில் ஈரம் கூடும், தெள்ளும் கூடும். ஐப்பசி பிறக்கும் முன்பே மருந்தை ஆரம்பித்துவிடுவது நல்லது.

வீட்டில் உள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் அதனதன் மருந்தை ஒரே நாளில் கொடுத்து, குறைந்தது மூன்று மாதம் விடாமல் தொடர வேண்டும். பூச்சி கண்ணில் படவில்லை என்று பாதியில் நிறுத்தினால், தரையில் காத்திருப்பது மறுபடி ஏறும்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு நாயைக் கூட்டிப் போகலாம். வாசலில் கட்டிப்போட்ட நாய் ராத்திரி முழுக்க சொறிந்துகொண்டே இருந்தால், காலையில் முதல் வேலையாக அதன் வால் அடியைப் பாருங்கள்.