சாயத்தண்ணியில் வரைந்தால்

மடுல்சீமை மலையில் பறிக்கிற தேயிலைக் கொழுந்து பெக்டரிக்கு வரும்வரை பச்சை. வாட்டி உருட்டியதும் இலையின் கலங்கள் கிழிகின்றன. அதுவரை கலத்துக்குள் தனித்தனியாக இருந்த இரண்டு பொருட்கள் அப்போதுதான் சந்திக்கின்றன. ஒன்று, துவர்ப்புத் தரும் கேட்டச்சின். மற்றது ஒரு நொதியம், அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். காற்றின் ஒட்சிசனும் சேர, பச்சை செம்பு நிறமாகிறது. செம்மஞ்சள் தரும் தியாஃபிளேவின், கபிலம் தரும் தியாரூபிஜின் என்ற சாயங்கள் பிறப்பது இப்படித்தான்.

ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் இந்தச் சாயத்தைக் கோப்பையிலிருந்து தாளுக்குக் கொண்டுபோனவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்று, தேயிலைக் கறையையும் தேநீர்ப் பைகளையும் கொண்டு தோட்டத்து வாழ்க்கையைப் படைக்கிறார். கொழும்பிலும் காட்சிக்கு வைத்திருக்கிறார். படங்களின் பொருளை விமர்சகர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் கறையே பெரிய அதிசயம்.

தாள் என்பது செல்லுலோசு நார்களின் பின்னல். நாருக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. அப்படியே விட்டால் சாயத்துளி இழுபட்டுப் பரவிவிடும். அதனால் வரைதாளுக்கு ஜெலட்டின் போன்ற பசையை ஊட்டுகிறார்கள். துளி மேலேயே நின்று காய்கிறது. காய்ந்தபின் பாருங்கள்: நடுவில் வெளிறல், விளிம்பில் கருங்கோடு. துளியின் ஓரம் தாளைப் பற்றிக்கொண்டு நகராமல் நிற்கிறது. அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகிறது. இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது, தன்னோடு துகள்களையும் இழுத்துக்கொண்டு. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோப்பிக் கறையை வைத்து இதை விளக்கியது 1997இல்தான். அத்தனை நூற்றாண்டாகக் கோப்பி சிந்தியும் யாரும் சரியாகக் கேட்கவில்லை போலும்!

அதே தேயிலைச் சாயத்தில் சிறிது இரும்புக் கரைசலைச் சேர்த்தால் கபிலம் கருநீலமாகும். துவர்ப்புப் பொருளும் இரும்பும் கைகோத்துக் கரும்பொருளாகின்றன. கலம்காரிக் கலைஞர்கள் கடுக்காயில் தோய்த்த துணியில் இரும்பு ஊறிய வெல்லநீரால் கோடிடுவதும் இதே வேதியியல்தான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இப்படிப்பட்ட மைதான் எழுதுமை. எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும். ஆனால் அமிலம் மிஞ்சினால் தாளையே தின்னும். இசைமேதை பாக்கின் கையெழுத்துப் பிரதிகள் அப்படித்தான் அரிக்கப்பட்டன.

பென்சில் கோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கும் காரீயம் (பென்சிலில் எழுதும் கிராபைட்டு) கிட்டத்தட்டத் தூய காபன். ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் சுமார் முப்பது இலட்சம் அணுப்படலங்கள் அடுக்கியிருக்கும். பென்சில் உரசும்போது அவை வழுக்கிப் பிரிந்து தாளின் நார்களில் சிக்குகின்றன. வெயில் அதை வெளிறச் செய்யாது.

ஆனால் தேயிலைச் சாயத்தை வெயில் வெளிறச் செய்யும். அதனால்தான் அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்கு 50 லக்ஸ் ஒளிதான் தருகின்றன. உச்சிவெயில் ஒரு இலட்சம் லக்ஸ். அந்த வெயிலில் ஒரு மணிநேரம், தினமும் எட்டு மணிநேரம் திறந்திருக்கும் காட்சிக்கூடத்தில் 250 நாளுக்குச் சமம்.

மடுல்சீமையில் இப்படியொரு காட்சி வைத்தால் வெயிலைவிடப் பனிமூட்டம்தான் எதிரி. ஈரப்பதன் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் துணிந்துவிடும். கண்ணாடியின் உட்புறம் வியர்த்தாலும் தாள் நனையாதபடி, இடையில் அமிலமற்ற தடித்த அட்டைச் சட்டம் வைத்துச் சில மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும்.