ஜேர்மன் மொழியிற் பெயர் கூறும் முறை

புதியதொரு மொழியைப் பயிலப் புகுவார் முதற்கண் கற்பது தம் பெயரைக் கூறுதலேயாம். எளிதெனத் தோன்றும் அவ்வொரு வாக்கியத்தினுள்ளே அம்மொழியின் இலக்கணமும் அதனைப் பேசுவாரின் வழக்காறும் அடங்கிக் கிடக்கின்றன. ஹற்றன், நுவரெலியாத் தோட்டப் பகுதிகளிலிருந்து ஜேர்மன் பயில விழையும் நம் மாணவர்க்குப் பயன்படுமாறு அதனை ஈண்டு விளக்குவாம்.

"மைன் நாம இஸ்ட் கமலா" என்பது "என் பெயர் கமலா" எனப் பொருள்படும். தமிழில் வினையின்றியே இவ்வாக்கியம் முற்றுப்பெறும். ஜேர்மனிலோ 'இஸ்ட்' என்னும் வினை இன்றியமையாதது. பேச்சிற் பெருவழக்காயுள்ளது "இஹ் ஹைஸ கமலா" என்பது. 'இஹ்' என்பது 'நான்'. 'ஹைஸ' என்பது 'இன்ன பெயருடையேன்' எனப் பொருள்தரும் வினை. 'இஹ்' என்பதன் ஈற்றொலி தமிழில் இல்லை. இகரத்தை ஒலிக்கும்போது நா நின்ற நிலையிலேயே மூச்சை உரசவிடின் அது பிறக்கும்.

பெயர் வினவுங்கால், "வீ ஹைஸன் ஸீ?" என்பர். 'வீ' என்பது 'எவ்வாறு' என்னும் பொருட்டு. நாம் "பெயர் என்ன?" என்று கேட்டுப் பழகியமையால், 'என்ன' என்பதற்குரிய 'வஸ்' என்னும் சொல்லை இங்குப் பெய்தல் பிழையாம். 'ஸீ' நம் 'நீங்கள்' போன்ற மரியாதைச் சொல். நண்பரையும் சிறுவரையும் "வீ ஹைஸ்ட் டூ?" என வினவுவர்.

நிற்க, நம்மவர் இடர்ப்படுமிடம் ஒன்றுண்டு. ஜேர்மன் படிவங்களில் 'ஃபோர்நாம', 'நாஹ்நாம' என இரு கட்டங்கள் காணப்படும். சொற்பொருளால் இவை முற்பெயர், பிற்பெயர் எனப்படும். முத்தையாவின் மகள் கமலா, 'முத்தையா கமலா' என எழுதிப் பழகியவள். முன்னிற்பது முற்பெயரெனக் கருதி எழுதுவாளாயின், தந்தையின் பெயரே அவள் பெயராகிவிடும். ஃபோர்நாம என்பது தனக்கென இடப்பெற்ற பெயர், நாஹ்நாம குடும்பப்பெயர். நமக்குக் குடும்பப்பெயர் இன்மையின், கடவுச்சீட்டிற் பதிவானவாறே தந்தை பெயரை அவ்விடத்து இடுதல் வேண்டும். அதன்பின் அவளை "ஃபிரௌ முத்தையா" என விளிப்பர். அது கேட்டு அவள் மருளவேண்டா.

தந்தையின் பெயர் மலையக மக்களுக்கு வெறும் தலைப்பெழுத்தன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. அது காட்டவியலாது நாடற்றோரானவர் மிகப் பலர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. ஆதலின், பத்திரங்கள் யாவற்றிலும் தந்தை பெயர் ஒரே எழுத்தமைதியில் உள்ளதா எனப் பார்த்துக்கொண்டு, பின்னர் "இஹ் ஹைஸ" எனத் தொடங்குக. தன் பெயரைப் பிழையறக் கூறுவோன் தன் தந்தையையும் உடன் அறிமுகஞ் செய்பவனாவான்.