பசுவின் அகலத்தில் ஒரு சொல்

அயர்லாந்தின் தெருப் பலகைகளில் ஆங்கிலப் பெயரோடு ஐரிஷ் பெயரும் இருக்கும். அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் சொல் 'போஹர்'. 'பஸ்' என்பதில் வரும் பகரத்தோடு சொல்ல வேண்டும். பொருள், சாலை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒரு பசு நிற்கிறது.

ஐரிஷில் 'போ' என்றால் பசு. சமஸ்கிருதத்தின் 'கோ', ஆங்கிலத்தின் 'கௌ' இரண்டும் அதன் உடன்பிறப்புகள். மூன்றும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. 'போ'விலிருந்து பிறந்த போஹர் முதலில் மாட்டுத்தடம். பழைய அயர்லாந்தில் கறவைப் பசுவே செல்வத்தின் அளவு. அபராதத்தைக்கூடப் பசுக்களில் கணக்கிட்டார்கள். சாலையையும் பசுவை வைத்தே அளந்தார்கள். 908இல் இறந்த காஷெல் அரசர் கோர்மக்கின் பெயரால் வழங்கும் சொல்லகராதி, போஹரில் ஒரு பசு நீளவாக்கிலும் இன்னொன்று குறுக்குவாக்கிலும் நிற்க இடம் வேண்டும் என்கிறது.

இலக்கணத்தில் இச்சொல் ஆண்பால். பன்மை 'போஹ்ரெ'. தமிழில் வேற்றுமை சொல்லின் வாலில் ஒட்டும். ஐரிஷிலோ தலையும் மாறும். 'சாலையின்' என்பதற்கு 'அன் வோஹிர்': முதல் பகரம் வகரமாக நெகிழ்கிறது, கடைசி ரகரமும் மென்மையாகிறது. 'சாலையில்' என்றால் 'எர் அன் மோஹர்'. எழுதும்போது பகரத்தை அழிப்பதில்லை. முன்னால் ஒரு மகரத்தைச் சேர்த்து அதன் ஒலியை மறைத்துவிடுகிறார்கள். வடக்கே அல்ஸ்டர் வழக்கில் இதே இடத்தில் 'வோஹர்' என்பார்கள். காதில் விழுந்தபடி மகர வரிசையில் தேடினால் அகராதியில் இச்சொல் கிடைக்காது. தலையெழுத்தின் இந்த மாற்றங்களைப் பழகிக்கொள்வதே ஐரிஷ் கற்பவரின் முதல் பாடம்.

சின்னச் சாலை 'போஹ்ரீன்'. இருபுறமும் வேலியிட்ட அந்தக் குறுகிய கிராமத்துச் சாலைகளின் பெயர் அயர்லாந்து ஆங்கிலத்திலும் குடியேறிவிட்டது. ஐரிஷ் மரபுத்தொடர்களிலும் இச்சொல் உண்டு: வேலையிலிருந்து நீக்குவதைக் 'கம்பும் சாலையும் கொடுப்பது' என்கிறார்கள். பயணம் போகிறவரை வாழ்த்தும் ஒரு தொடரை, 'சாலை எழுந்து உன்னை எதிர்கொள்ளட்டும்' என்று ஆங்கிலத்தில் பெயர்த்துப் பரப்பிவிட்டார்கள். அதில் வரும் வினைக்கு 'எழு' என்பது ஒரு பொருள். 'உடன்' என்னும் இடைச்சொல்லோடு சேர்ந்தால் 'கைகூடு' என்று பொருள். உண்மையில் அந்த வாழ்த்து, 'உன் பயணம் கைகூடட்டும்' என்பதுதான்.

இருவர் சேர்ந்து நடந்தால் சாலை சுருங்கும் என்பது ஐரிஷ் பழமொழி. அங்கேயும் சாலைக்குச் சொல் போஹர்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பசுக்களை நிறுத்தி அகலம் பார்த்த சாலைக்கு, நீளம் பார்க்க மனிதரின் துணை அளவாகியிருக்கிறது.