உதிரி உறுப்புகளும் உற்பத்திச் செலவும்

ஒரு பொருளின் விலை கூலியாலும் மூலப்பொருளாலும் மட்டுமே அமைகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்பொருளில் எத்தனை வகை உறுப்புகள் உள்ளன, அவற்றை யார் எவ்வளவு சேர்த்து வாங்குகிறார்கள் என்பவையும் விலையைத் தீர்மானிக்கின்றன. அம்பத்தூரில் லேத் ஓசைக்கிடையே வளர்ந்தவன் என்ற முறையில் இதனை விளக்க முற்படுகிறேன்.

முதலில் ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் பட்டறைக்குப் பட்டறை மரை வேறுபட்டது. ஓரிடத்து நட்டு மற்றோரிடத்துப் போல்ட்டில் ஏறாது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் மரைக்குப் பொது அளவு வகுத்தார். இன்று 'எம்8' என்றால் 8 மில்லிமீட்டர் விட்டம். வழக்கமான மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். பாடியில் செய்த போல்ட்டில் ஜப்பான் நட்டு ஏறும். 1960-களில் பாடியில் தோன்றிய சுந்தரம் பாஸ்டனர்ஸ் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகள் வழங்கியது. அளவும் தரமும் பொருந்தினால் கடல் கடந்தும் சந்தை உண்டு என்பதற்கு இது சான்று.

செலவு எவ்வாறு குறைகிறது? ஓர் அச்சு செய்ய 1,00,000 ரூபாய் ஆவதாகக் கொள்வோம். அதில் 10,000 உறுப்புகள் செய்தால் ஒவ்வொன்றின்மேலும் 10 ரூபாய் ஏறும்; 1,00,000 செய்தால் 1 ரூபாய்தான். இயந்திரத்தை அடிக்கடி மாற்றியமைக்கும் நேரமும், கிடங்கில் முடங்கும் பணமும் மிச்சமாகும்.

இனி, சேர்ந்து வாங்குதல். ரெனோவும் நிஸானும் 2001-இல் கூட்டுக் கொள்முதல் அமைப்பை நிறுவின. அவற்றின் கூட்டு ஆலை பூந்தமல்லிக்குத் தென்மேற்கே ஒரகடத்தில் 2010-இல் திறக்கப்பட்டது. அங்கு உருவான ரெனோ க்விட் (2015), டாட்சன் ரெடி-கோ (2016) ஆகிய இரு கார்களுக்கும் அடித்தளம் ஒன்றே. பெயரும் தோற்றமும் வேறு. உள்ளுறுப்புகள் பல பொது.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. பொது உறுப்பில் பழுது நேர்ந்தால் அது எங்கும் பரவும். ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைக் குறையால் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017-இல் தகாட்டா திவாலானது.

மற்றொன்று எங்கள் வீட்டைத் தொடுவது. என் தந்தையார் பணிபுரியும் சிறு பட்டறையில் ஒரே பெரிய நிறுவனத்துக்குத்தான் உறுப்புகள் கடைகிறார்கள். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். உருக்கு விலையோ குறைவதில்லை. வாங்குபவர் உலகெங்கும் விலை கேட்கலாம். பட்டறைக்கோ வாசல் ஒன்றுதான். சிக்கனம் எனப்படுவதில் ஒரு பகுதி இங்கே எட்டுப்பேரின் போனஸிலிருந்து போகிறது.

இதற்குத் தீர்வு பொது அளவுகளைப் பழிப்பதன்று. பெரியவர்கள் கையாளும் வழியைச் சிறியவர்களும் கைக்கொள்ளவேண்டும். இருபது பட்டறைகள் தனித்தனியே கம்பி வாங்காமல் ஒன்றாக வாங்கினால் விலைபேசும் வலிமை வரும். 1955-இல் அமைந்த தேசியச் சிறுதொழில் கழகம் மூலப்பொருள் வாங்க உதவுகிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறு தொழிலகங்களுக்குரிய தொகையை 45 நாட்களுக்குள் செலுத்தவேண்டும். இவ்வுரிமைகளை அறிந்து பட்டறைகளுக்கு எடுத்துரைப்பது, வணிகவியலும் பொருளியலும் பயிலும் நம் போன்றோரின் கடமையாகும்.