நிலக்கரி ஊரில் ஒரு சோம்பேறி நொதி

கெல்சென்கிர்ச்சனுக்கு 'ஆயிரம் நெருப்புகளின் ஊர்'னு பழைய பேர் ஒண்ணு உண்டுங்க. எரிஞ்ச நிலக்கரியெல்லாம் 30 கோடி வருஷத்துக்கும் முன்னாடி சதுப்புக்காட்டு மரங்கள் காத்துல இருந்து பிடிச்சு வச்ச கரி.

பிடிக்கிற ஆள், இலைக்குள்ள இருக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி. அஞ்சு கரியணு உள்ள சர்க்கரையோட ஒரு கரியமிலவாயுவை ஒட்டும். அது உடனே மூணு கரியணுத் துண்டுகள் ரெண்டா உடையும். கதிரியக்கக் கரி-14 வச்சு இந்த வழியைத் துப்பறிஞ்ச மெல்வின் கால்வினுக்கு 1961-ல் நோபல். நொதி மகா மந்தம், நொடிக்கு மூணு நாலு தான்! நடுவுல ஆக்சிஜனையும் பிடிச்சுத் தொலைக்கும். அதனால இலையில கரையும் புரதத்துல பாதி வரைக்கும் இந்த ஒரே ஆளைக் குவிச்சு வைக்குது செடி.

அப்படிச் சேர்ந்ததை ரெண்டு நூற்றாண்டுக்குள்ள வெட்டி எரிச்சாச்சு. பக்கத்து ஊர் போட்ரோப்ல 2018 டிசம்பர்ல ஜெர்மனியோட கடைசி கருநிலக்கரிச் சுரங்கம் மூடினாங்க (பழுப்பு நிலக்கரி தனிக் கதை). இங்கே பழைய ரைன்எல்பே சுரங்க நிலத்துல இப்ப பிர்ச் மரங்கள் தானா முளைச்சு நிக்குது. அதே நொதி, அதே வேகம். இலை உதிர்ந்தா லீவு வேற :-)